காடி கழுவிய ஞாயிறுகள்

தோட்டத்தில் கார் என்றால் ஒன்றே ஒன்றுதான். அது பெரிய துரையுடையது. கிராணியார் சைக்கிளில் போவார், மற்றவர்கள் நடந்தார்கள். கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களின் செம்மண் சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்தாலே வண்டியின் அடிவயிறு வரை சேறு அப்பியிருக்கும். மறுநாள் விடிவதற்குள் டிரைவர் அதைப் பங்களா முற்றத்தில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றி ஊறவிடுவார். சேறு தானாக இளகி விழுந்த பிறகுதான் துணியைக் கையில் எடுப்பார். துரைக்குக் கீறல் பிடிக்காது. அதே நேரத்தில் லயத்துப் பக்கம் பொதுக்குழாயடியில் குடங்கள் வரிசையில் காத்திருக்கும். அந்தக் காலத்தில் காரை எவ்வளவு பொறுமையாகக் கழுவினார்கள் என்று இன்று பேசும்போது அந்தக் குடங்களையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது. பொறுமை உண்மைதான், பொறுத்தவர் காருக்குச் சொந்தக்காரர் அல்ல.

பட்டணத்தில் கார் வைத்திருந்த ஆசிரியர்களும் ரயில்வே அதிகாரிகளும் மோரிஸ் மைனரையோ ஆஸ்டினையோ பெட்ரோல் நிலையத்தின் பின்கட்டுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே வண்டியை மேலே தூக்கி, அடிப்பாகத்தைக் கழுவி, மூட்டுகளுக்குக் கிரீஸ் அடிப்பார்கள். அந்நாளைய கார்களுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் வேண்டும். கழுவுவது அந்த வேலையின் முதல் பாதி. இன்றைய காரின் மூட்டுகள் ஆலையிலேயே மூடப்பட்டு வருகின்றன. கிரீஸ் துப்பாக்கி என்ற ஒன்றை இன்றைய இளைஞர்கள் பார்த்திருக்கவும் மாட்டார்கள். இதில் வருந்த எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

1980-இல் மலேசியா முழுவதும் விற்ற புதிய வண்டிகள் ஒரு லட்சத்தை எட்டவில்லை. 2024-இல் விற்றவை 816,747. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இரண்டு பெயர்கள் நிற்கின்றன: 1985 ஜூலையில் வந்த புரோட்டோன் சாகா, 1994 ஆகஸ்டில் வந்த பெரோடுவா கஞ்சில். தோட்டத்தை விட்டுத் தாமான் என்ற வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்த குடும்பத்துக்கு இந்த இரண்டில் ஒன்றே முதல் கார். பழைய சாகா வாங்கி, கோயிலுக்குக் கொண்டுபோய், நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, முன்மூடியில் சந்தனம் பூசிக்கொண்டு வீடு திரும்பிய நாளை எத்தனையோ வீடுகளில் இன்னும் புகைப்படமாக வைத்திருக்கிறார்கள். கழுவியவரே காரின் சொந்தக்காரர் ஆனது அப்போதுதான். அதை நான் சிறிய மாற்றமாக நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன், தாமான் வரிசை வீடுகளின் போர்ச்சில் வேலை தொடங்கும். வானொலி ஆறில் பழைய பாட்டு ஓடும். குழாயிலிருந்து பச்சை ரப்பர்க் குழல், ஒரு சிவப்பு வாளி, அப்பாவின் கிழிந்த பனியன். சோப்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது. துணி துவைக்கும் தூளில் ஒரு பிடிதான். முதலில் கூரை, பிறகு கண்ணாடி, கதவுகள், கடைசியில் டயர். டயருக்குப் போன பனியன் மறுபடி கதவுக்கு வரக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அதைப் பிள்ளைகள் வாரந்தோறும் மீறினார்கள். கண்ணாடியைத் துடைக்கப் பழைய தமிழ் நேசன் தாள். ஈரக் கண்ணாடியில் நாளிதழ்த் தாள் போல எதுவும் பளிச்சென்று துடைக்காது. (அந்த நாளிதழும் 2019 ஜனவரி 31-ஆம் தேதியோடு நின்றுபோயிற்று.)

அந்த ஒரு மணி நேரத்தில் கார் சுத்தமானது பாதி ஆதாயம்தான். குனிந்து டயரைத் தேய்த்தவருக்கு அதில் ஏறியிருந்த ஆணி தெரிந்தது. தரையில் கருப்பாகச் சொட்டியிருந்த எண்ணெய் தெரிந்தது. கதவின் கீழ் விளிம்பில் வண்ணம் கொப்புளமாக எழும்பியிருப்பதை விரல் கண்டுபிடித்தது. துரு உள்ளே தொடங்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். பட்டறைக்காரர் சொல்வதற்கு முன் வீட்டுக்காரருக்கே தெரிந்திருந்தது. இன்று கார் தன் குறைகளை முகப்பில் எரியும் சிறு விளக்குகளால் சொல்கிறது. கதவு விளிம்பின் துருவுக்கு மட்டும் இன்னும் விளக்கு வரவில்லை.

கடையில் கழுவும் பழக்கம் பெருகியது தொண்ணூறுகளில். கடைவரிசைக்குப் பக்கத்துக் காலி மனை, தகரக் கூரை, ஒரு தண்ணீர்ப் பம்பு, மூன்று நான்கு இளைஞர்கள். கிள்ளானிலும் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலும் அவர்களில் பலர் நம் பிள்ளைகள். தோட்டம் வீட்டுமனையாகி, அப்பாவின் பால்மரம் போனபின் பட்டணத்துக்கு வந்தவர்கள். “அண்ணே, பாடி மட்டுமா, வேக்கமும் சேர்த்தா?” என்று கேட்டபடியே தண்ணீரை அடிப்பார்கள். ஐந்தாறு வெள்ளி கொடுத்தால் போதும். தீபாவளிக்கு முதல் நாள் வண்டிகள் சாலை வரை நிற்கும்.

இன்று அதே தகரக் கூரைகளின் கீழ் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்தவர்கள் நிற்கிறார்கள். கேள்வி மாறவில்லை, மொழி மாறியிருக்கிறது: “போஸ், வேக்கம் செக்காலி?” கட்டணம் பன்னிரண்டு, பதினைந்து, பெரிய வண்டிக்கு அதற்கும் மேல். 2013-இல் தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி. 2025 பிப்ரவரியிலிருந்து 1,700. சம்பளம் உயர்ந்தது நியாயம். ஆனால் கடைக்காரர் அதை ஈடுகட்ட ஒன்று விலையைக் கூட்ட வேண்டும், அல்லது ஒரு காருக்குச் செலவிடும் நிமிடங்களைக் குறைக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டும் நடக்கின்றன.

நிமிடங்கள் குறைந்தால் என்ன ஆகும் என்பதைப் பத்து நிமிடம் நின்று பார்த்தால் போதும். நுரை அடிப்பது நன்றாகவே இருக்கிறது. ஸ்னோ வாஷ் என்று சொல்லும் அந்த வெள்ளை நுரை தூசியை ஊறவைத்துக் கீழே இழுத்துவிடுகிறது. துரையின் டிரைவர் அரைமணி நேரம் தண்ணீர் ஊற்றிச் செய்ததை இது இரண்டு நிமிடத்தில் செய்கிறது. சிக்கல் அதற்குப் பின்னால். முந்தைய காரின் சக்கரத்தைத் தேய்த்த அதே பஞ்சு இந்தக் காரின் முன்மூடிக்கு வருகிறது. ஈரம் துடைக்கும் சாமோய் துணி கை நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுகிறது. துடைப்பவர் அதை எடுத்து, ஒரு உதறு உதறி, துடைப்பதைத் தொடர்கிறார். அவர்மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அடுத்த வண்டி பின்னால் நிற்கிறது. அந்த உதறலில் போகாத ஒரு மணல்துகள் போதும். துணி போகும் திசையெல்லாம் ஒரு வட்டக்கோடு விழும். பகல் வெயிலில் கறுப்புக் காரைச் சாய்ந்து பார்த்தால் சிலந்தி வலை பின்னியதுபோல் தெரிவது இந்தக் கோடுகள்தான்.

பழைய கார்களில் இதை யாரும் பொருட்படுத்தாததற்கு ஒரு காரணம் உண்டு. அன்றைய வண்ணம் பெரும்பாலும் ஒரே பூச்சு. பாலீஷ் போட்டால் வெள்ளைத் துணியில் காரின் நிறமே ஒட்டிக்கொண்டு வரும். கீறலும் அதோடு தேய்ந்து போகும். எண்பதுகளிலிருந்து பரவிய முறையில் நிறப்பூச்சுக்கு மேல் நிறமற்ற ஒரு கண்ணாடிப் பூச்சு தனியாக வருகிறது. பளபளப்பெல்லாம் அதில்தான். அதன் பருமன் பொதுவாக 40, 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லியது. கீறலைப் போக்கப் பாலீஷ் போடும்போதெல்லாம் அதில் ஒரு பங்கு கரைகிறது, திரும்ப வளர்வதில்லை. இந்த நாட்டில் கார்க் கடனை ஒன்பது ஆண்டு வரை இழுக்கலாம். தவணை முடியும்வரை அந்த மெல்லிய பூச்சு தாங்கியாக வேண்டும்.

இனி இயந்திரம். ஆள் இறங்காமல் கார் கழுவும் எண்ணம் அமெரிக்காவில் பிறந்தது. 1951-இல் சியாட்டில் நகரில் கை படாமல் காரை இழுத்துச் சென்று கழுவும் நிலையம் வந்தது. கார் அசையாமல் நிற்க, தூரிகைகள் அதைச் சுற்றிவரும் வகைக்கு 1962-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தைச் சேர்ந்த இருவர் காப்புரிமை பெற்றார்கள். நம் பெட்ரோல் நிலையங்களில் காண்பது பெரும்பாலும் அந்த இரண்டாம் வகையின் பிள்ளைதான். காசைக் கட்டி உள்ளே விட்டு, பக்கக் கண்ணாடிகளை மடக்கி, கைப்பிரேக் போட்டு உட்கார வேண்டியது. தண்டவாளத்தில் சட்டம் முன்னும் பின்னும் ஓடும். நீலமும் சிவப்புமான தூரிகைகள் கண்ணாடியில் மோதிச் சுழலும். பிள்ளைகளுக்கு அது ஒரு கேளிக்கை. பழைய சாகாவின் நீட்டி மடக்கும் ஆன்டெனாவை உள்ளே தள்ள மறந்தவர்களுக்கு அது செலவு.

அந்தத் தூரிகைமேல் இருக்கும் பயம் முழுக்க ஆதாரமற்றதல்ல. முதல் தலைமுறைத் தூரிகைகள் விறைப்பான பிளாஸ்டிக் இழைகள். முந்தைய காரின் சேறு அவற்றில் தங்கி அடுத்த காரைத் தேய்த்தது. பின்னால் துணிப் பட்டைகள் வந்தன. அதன் பின்னால் தண்ணீரையும் மணலையும் உள்ளே உறிஞ்சாத மூடிய நுரைப் பட்டைகள் வந்தன. இவை ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டால், வாளியில் கிடக்கும் அழுக்குப் பஞ்சைவிடச் சாதுவானவை. தூரிகையே இல்லாமல், அழுத்தத் தண்ணீரும் ரசாயனமும் மட்டும் அடிக்கும் வகையும் இப்போது பரவியிருக்கிறது. அதில் எதுவும் தொடாததால் கீறல் விழாது. ஆனால் கை செய்யும் வேலையை ரசாயனம் செய்ய வேண்டியிருப்பதால் அது காரமாக இருக்கும். மெழுகுப் பூச்சை விரைவில் கரைத்துவிடும். ஒட்டிப் பிடித்த அழுக்கு மெல்லிய படலமாக மிஞ்சியும் விடும். விரலால் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே கையா இயந்திரமா என்ற கேள்வியே சற்றுக் கோணலானது. கீறுவது கையும் அல்ல, இயந்திரமும் அல்ல, மணல். அதைக் கழுவி வெளியேற்றிவிட்டுத் தொடுகிறவரை நம்பலாம், அதோடு சேர்த்துத் தேய்க்கிறவரை நம்ப முடியாது. ஒருவகையில் இன்று கடையில் கழுவுகிற கையும் இயந்திரமாகிவிட்டது. இயந்திரத்துக்காவது பட்டையை மாற்றும் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது.

தூசியும் பழைய தூசி அல்ல. கிள்ளானில் துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லாரிகள் எழுப்பும் புழுதி, கோலாலம்பூரில் ஓயாத கட்டுமானத்தின் சிமெண்டு, ஆண்டுக்கொருமுறை எட்டிப்பார்க்கும் புகைமூட்டத்தின் சாம்பல். 2005 ஆகஸ்டில் புகை முற்றிப்போய்ப் போர்ட் கிள்ளானில் அவசரநிலையே அறிவிக்கப்பட்டது. அந்த நாட்களில் கார்மேல் படிந்த சாம்பலைக் கோழி இறகுத் துடைப்பத்தால் தட்டியவர்கள் ஏராளம். டாக்சிக்காரர் ஒவ்வொருவரிடமும் அப்படி ஒரு துடைப்பம் இருந்தது. தண்ணீர் இல்லாமல் உலர்ந்த தூசியைத் தேய்ப்பதைப்போல் வண்ணத்துக்குக் கேடு வேறில்லை என்பதை அன்று யாரும் சொல்லவில்லை. கோயிலில் பூசிய சந்தனமும் அப்படித்தான். காய்ந்தபின் நகத்தால் சுரண்டக்கூடாது. ஈரத்துணியை மேலே போட்டு ஊறவிட வேண்டும்.

கிள்ளான்காரர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு: காகம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிருந்த காப்பித் தோட்டங்களில் புழு பெருகியபோது, அதைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். காப்பி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனையும் வீடுகளும் வந்தன. காகம் போகவில்லை. நகராண்மைக் கழகம் துப்பாக்கி வைத்துச் சுட்டும் பார்த்தது. 2024 பிப்ரவரியில் கிள்ளான் மாநகரமே ஆகிவிட்டது, காகங்கள் மரத்தில்தான் இருக்கின்றன. அவற்றின் எச்சத்தில் உள்ள அமிலம் நம் வெயிலில் கண்ணாடிப் பூச்சைச் சில மணி நேரத்திலேயே அரித்துத் தடம் பதித்துவிடும். ஒரே பூச்சுக் காலத்தில் ஞாயிறு வரை காத்திருக்க முடிந்தது. இப்போது முடியாது. காரில் ஒரு தண்ணீர்ப் புட்டியும் சுத்தமான துணியும் இருக்க வேண்டும்.

தண்ணீருக்கு வருகிறேன். குழலைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் கழுவினால், நிமிடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 150 லிட்டர் போகிறது. சிலாங்கூரில் வீட்டுத் தண்ணீரின் முதல் 20 கனமீட்டருக்கு, ஒரு கனமீட்டர், அதாவது ஆயிரம் லிட்டர், நீண்ட காலம் 57 சென் விலையில் இருந்து 2024 பிப்ரவரியில் 65 சென்னானது. அந்தக் கணக்கில் 150 லிட்டரின் விலை பத்துச் சென்கூட இல்லை. 2008-இலிருந்து பல ஆண்டுகள் அந்த முதல் 20 கனமீட்டரை மாநில அரசு எல்லா வீட்டுக்கும் இலவசமாகவே கொடுத்தது. குழலை மூட யாருக்குத் தோன்றும்?

தோன்ற வைத்தவை பஞ்ச காலங்கள். 1998-இல் எல் நினோ வறட்சியில் கிள்ளான் பள்ளத்தாக்கு மாதக்கணக்கில் பங்கீட்டுத் தண்ணீரில் வாழ்ந்தது. லாரி வரும் சத்தத்துக்கு வாளிகள் ஓடின. 2014 தொடக்கத்தில் மறுபடி பங்கீடு. 2020 செப்டம்பரில் சுங்கை கோங் ஆற்றில் கலந்த மாசால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் குழாய் வறண்டது. அந்த வாரங்களில் அழுக்குக் கார் யாருக்கும் வெட்கமாகத் தெரியவில்லை. மழை வந்ததும் எல்லாம் மறந்துபோகும். இங்கே மாலைதோறும் பெய்கிற மழை நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறது.

நுரைத் தண்ணீர் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். இந்த நாட்டில் மழைநீர்க் கால்வாய் வேறு, கழிவுநீர்க் குழாய் வேறு. போர்ச்சில் கழுவிய சோப்பும் பிரேக் தூளும் எண்ணெயும் வீட்டு முன் மழைநீர்க் கால்வாயான லோங்காங்கில் இறங்கி, எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் சிற்றாறு வழியாகக் கிள்ளான் ஆற்றுக்குப் போகின்றன. ஒழுங்காக அமைத்த கழுவு நிலையத்தில் எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் தொட்டி இருக்கும். நல்ல இயந்திரங்கள் தண்ணீரை வடிகட்டி மறுபடி பயன்படுத்தும். இந்த ஒரு விஷயத்தில் நம் ஞாயிற்றுக்கிழமைகளுக்குச் சாதகமாகச் சொல்ல எதுவும் இல்லை. காலி மனைத் தகரக் கொட்டகைக்கும் இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் இந்த விவாதமே பலருக்குப் பொருந்தாமல் போய்விட்டது. 1915-இல் அரசு, ரயில்வே ஊழியர்களுக்குக் கட்டிய நூறு குவார்ட்டர்ஸ் வீடுகளின் முன்னால் வண்டி நிறுத்தவும் குழாய்த் தண்ணீர் பிடிக்கவும் இடம் இருந்தது. பழைய ரயில் முற்றம் 2001-இல் கே.எல். சென்ட்ரலாகத் திறந்தது, குவார்ட்டர்ஸ் பின்னர் இடிக்கப்பட்டன. இன்று அங்கே வசிப்பவரின் கார் அடுக்குமாடியின் நிலவறையில் நிற்கிறது. குழாய் கிடையாது, இருந்தாலும் கழுவக் கூடாது என்று நிர்வாகம் பலகை மாட்டியிருக்கும். மாதச் சந்தா வாங்கிக்கொண்டு இரவில் ஈரத்துணியோடு வந்து துடைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வசதிதான். ஒரே வாளி, ஒரே துணி, எத்தனை கார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2020 மார்ச் 18-ஆம் தேதி கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது கழுவும் கடைகள் மூடின. தாமான்களில் வாளிகள் மறுபடி வெளியே வந்தன. ஆனால் இம்முறை அப்பாவின் பனியன் வரவில்லை. மைக்ரோஃபைபர் துணி, சோப்புக்கு ஒரு வாளி, அலசுவதற்கு இன்னொரு வாளி என்று பிள்ளைகள் காணொளியில் கற்றுக்கொண்டு செய்தார்கள். பழைய பொறுமையும் புதிய அறிவும் ஒன்றாகச் சேர்ந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். கடைகள் திறந்ததும் பெரும்பாலோர் திரும்பிப் போய்விட்டார்கள். நேரம் இல்லை என்பது பொய்க் காரணமல்ல. ஃபெடரல் நெடுஞ்சாலையில் தினமும் இரண்டு மணி நேரம் தொலைப்பவரிடம் ஞாயிறு காலையையும் கேட்பது கொடுமை.

கேட்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். புதிய வண்டி, அதிலும் கறுப்பு அல்லது அடர்நீலம் என்றால், வாராவாரத் தூசிக்குத் தொடாமல் கழுவும் இயந்திரம் போதும். மாதம் ஒருமுறை நிழலில் நிறுத்தி, இரண்டு வாளியோடு நீங்களே கழுவுங்கள், டயரையும் கதவு விளிம்பையும் பார்த்ததாக ஆகும். வெள்ளி நிறப் பழைய பெரோடுவா மைவியோ சாகாவோ என்றால் நுரைப்பட்டைத் தூரிகைக்குள் தயங்காமல் விடலாம்; பிளாஸ்டிக் இழைத் தூரிகையைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள். கடையில் கொடுப்பதானால் நுரையும் தண்ணீரும் மட்டும் அடிக்கச் சொல்லிவிட்டு, துடைப்பதற்கு உங்கள் துணியை நீட்டுங்கள். கழுவுகிறவர் ஒன்றும் தவறாக நினைக்க மாட்டார்; அவருக்கும் ஐந்து நிமிடம் மிச்சம். கூலியைக் குறைத்துக் கேட்காதீர்கள்.